நடக்காத அற்புதம்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முதல் அத்தியாயத்தில் கதாநாயகியைப் படுத்த படுக்கையாக்கினால், கடைசி அத்தியாயத்தில் அவளை எழுந்து நடக்க வைத்துவிடலாம். நடுவில் ஒரு கோயிலோ, ஒரு மகானோ, கப்பலிலிருந்து இறங்கி வரும் ஒரு பெரிய டாக்டரோ இருந்தால் போதும். வாசகர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை, நல்லபடியாக முடித்தார்" என்று நிம்மதியோடு உறங்கப் போவார்கள். நடக்க வைக்காமல் முடித்துப் பாருங்கள்! "உமக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா?" என்று ஊர் ஊராகக் கடிதம் வரும்.

சரித்திரத்துக்கு அப்படிக் கடிதம் போடுவார் யாரும் இல்லை. ஆகையால் அது தன் இஷ்டப்படி கதை எழுதுகிறது. அது எழுதிய கதை ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நடந்த இடம் தொலைவில் இல்லை; நம்முடைய வேலூர்தான். கதாநாயகி கடைசி வரையில் எழுந்து நடக்கவில்லை. ஆனாலும் தெய்வ அருளால் குணமடைந்தவர் என்று அவரைச் சொல்வதற்கு எனக்குத் தயக்கம் இல்லை. நடக்காதவர் எப்படிக் குணமடைந்தவர் ஆவார் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேலூரைப் பற்றி நம்மவர்கள் வழிவழியாகச் சொல்லும் கேலி ஒன்று உண்டு. நீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சுவாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் பல காலம் மூர்த்தி இல்லாமல் இருந்து, 1981-ஆம் ஆண்டில்தான் லிங்கம் மீண்டும் எழுந்தருளியது. அதனால் கேலியில் ஒரு வரி குறைந்துவிட்டது. இத்தனை 'இல்லை'களுக்கு நடுவே இந்த ஊருக்கு இந்தியா முழுவதும் பெயர் வாங்கிக் கொடுத்த 'உண்டு' ஒன்று இருக்கிறது. அது ஆஸ்பத்திரி.

அந்த ஆஸ்பத்திரியின் பூர்வ கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். ஸ்கட்டர் என்பது அமெரிக்கக் குடும்பம். அக்குடும்பத்தின் முதல் டாக்டர் ஜான் ஸ்கட்டர் 1819-ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணப் பகுதியில் வைத்தியம் செய்துவிட்டுப் பின்னர் சென்னைக்கு வந்தவர். அவருடைய பேத்திதான் ஐடா. ராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு பிறந்த பெண். இந்தியாவின் வெயிலும் பஞ்சமும் போதும் போதும் என்று சொல்லி, அமெரிக்காவிலேயே வாழ்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர். நோயுற்ற தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காகத் திண்டிவனத்துக்குச் சில நாட்கள் வந்திருந்தார். அப்போதுதான் அந்த இரவு வந்தது.

ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர்கள் வாசற்படி ஏறினார்கள். மூவரும் வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்தவர்கள், ஒருவர் முஸ்லிம். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். "என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆடவன் எங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துத் திரும்பிப் போனார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள். ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பினார், ஆனால் மருத்துவம் படிப்பதற்காக. 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் இங்கே வந்து சேர்ந்தார். 1902-இல் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி, 1909-இல் நர்ஸுகளுக்கு ஒரு பள்ளி, 1918-இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி என்று ஒவ்வொன்றாக எழுந்தன. பெண்களுக்கு இந்தப் படிப்பெல்லாம் ஏறாது என்று பேசியவர்கள் பேசினார்கள். 1922-இல் அந்தப் பள்ளியின் முதல் அணியில் பரீட்சை எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். பேசியவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஐடாவின் கதையை நான் இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. அன்றிரவு மாண்ட மூன்று பெண்களும் அவருடைய பிரார்த்தனையால் பிழைக்கவில்லை. பிழைத்திருந்தால் ஊரார் அற்புதம் என்று கொண்டாடியிருப்பார்கள். வேலூரில் ஆஸ்பத்திரி வந்திருக்காது. அருள் வேலை செய்யும் வழி நாம் எதிர்பார்க்கும் வாசல் வழியாக இருப்பதில்லை என்பதற்கு இது முதல் உதாரணம்.

இரண்டாவது உதாரணத்துக்குக் கொல்லிமலைக்குப் போக வேண்டும். வல்வில் ஓரி ஆண்ட மலை என்றும், கொல்லிப்பாவை சிரிக்கும் மலை என்றும் நம் புலவர்கள் பாடிய மலை அது. அங்கே வாழவந்தி என்ற இடத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரும் அவர் மனைவி ஈவ்லினும் குடியேறினார்கள். அவர்கள் மகன் பால், 1914-இல் பிறந்தவன், மலைவாழ் மக்களின் குழந்தைகளோடு மரம் ஏறி வளர்ந்தான். ஒன்பதாவது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். 1929-இல் தந்தை கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் தந்தையின் முகத்தை மறுபடி பார்க்கவில்லை.

பால் பிராண்ட் முதலில் டாக்டராக ஆசைப்படவில்லை. தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றார். அதன் பிறகே மருத்துவத்துக்குத் திரும்பி, ரண சிகிச்சையில் தேர்ந்து, 1946-இல் வேலூருக்கு வந்தார். வந்த சில காலத்தில், செங்கற்பட்டில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்துவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அங்கே அழைத்துச் சென்று காட்டினார். எலும்பு முறிவைச் சரி செய்யும் டாக்டர்கள் இத்தனை பேர் இருக்கிறீர்களே, மடங்கிப்போன இந்தக் கைகளை உங்களில் ஒருவராவது பார்த்ததுண்டா என்பதுதான் காக்ரேனின் வழக்கு. பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பற்றி, தம் கையை இறுக்கச் சொன்னார். பறவையின் நகம்போல் வளைந்து கிடந்த அந்த விரல்களின் பிடி, எதிர்பாராத வலிமையோடு இறுகியது. செத்த கை என்று உலகம் ஒதுக்கியிருந்த கையில் உயிருள்ள தசைகள் இருக்கின்றன!

அங்கிருந்து அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது. தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழுந்துவிடும் என்று அக்காலத்தில் எல்லாரும் நம்பினார்கள், டாக்டர்களும் நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திண்டாடியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் சதை கிழிந்து ரத்தம்! அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நோய் உணர்ச்சி நரம்புகளைக் கொன்றுவிடுகிறது. வலி தெரியாததால் சுடுகிற பாத்திரத்தை எடுக்கிறார்கள், ஆணியில் மிதிக்கிறார்கள், தூங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பதில்லை. காயம் மேல் காயம் பட்டுத்தான் விரல் தேய்கிறது. சதையில் குற்றமில்லை. காவல் காக்கும் வலி இல்லாததுதான் குற்றம். வலியைப் பகை என்று நினைத்திருக்கும் நமக்கு இது எவ்வளவு புதுமையான பாடம்!

முன்கையில் நன்றாக இருக்கும் தசையின் நாரை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையை அவர் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யத் தொடங்கினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. கை நிமிர்ந்தவர்களுக்குத் தொழில் வேண்டாமா? 1951-இல் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை அமைத்து, தாம் கற்ற தச்சு வேலையையே அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். இளமையில் வீணாய்க் கழித்ததாக நினைத்த வருஷங்கள் இப்படி வந்து கணக்கில் சேர்ந்தன.

இனி நம் கதாநாயகி வரலாம். மேரி வர்கீஸ், 1925-ஆம் ஆண்டு கொச்சிப் பக்கத்துச் செறாயி என்ற ஊரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வசதியுள்ள பெரிய குடும்பம். எர்ணாகுளத்தில் படித்துவிட்டு வேலூரில் மருத்துவம் கற்று, பெண்களுக்கான மருத்துவப் பிரிவில் இளம் டாக்டராகப் பணிபுரிந்துகொண்டிருந்தார். எங்கள் வீடுகளில் இப்படி ஒரு பெண் டாக்டராகிவிட்டால் அடுத்தபடி என்ன பேசுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். வாழ்க்கை முழுவதும் முன்னால் விரிந்து கிடந்தது. அவருக்கு அப்போது 28 வயது.

1954-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி. ஆஸ்பத்திரியைச் சேர்ந்த இளம் டாக்டர்கள் சிலர் ஒரு மோட்டார் வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். வழியில் முன்னால் சென்ற பஸ்ஸைத் தாண்டிப் போக முயன்றபோது வண்டி சாலையோர மைல்கல்லில் மோதிக் கவிழ்ந்தது. மேரியின் முகம் கிழிந்தது. முதுகெலும்பு அடிபட்டுத் தண்டுவடம் சேதமடைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் போயிற்று, அசைவும் போயிற்று.

அந்த நாளில் இதன் பொருள் என்ன என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தண்டுவடம் அறுந்தவர்கள் பிழைப்பதே அரிது. காயம் கொல்லாவிட்டாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர் வழி விஷமும் சில மாதங்களில் கொன்றுவிடும். "வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் கடைசி வைத்தியம். இங்கிலாந்தில், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற டாக்டர் 1944-இல் ஒரு பிரிவைத் தொடங்கி, இவர்களும் வாழ முடியும், உழைக்க முடியும், விளையாடவும் முடியும் என்று காட்டிக்கொண்டிருந்தார். 1948-இல் லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அவர் நடத்திய அம்புப் போட்டிதான், இன்று உலகம் முழுவதும் தெரிந்த பாராலிம்பிக்கின் விதை. ஆனால் அந்த வெளிச்சம் நம் நாட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மேரிக்கு ஒரு நல்ல காலம், விபத்து நடந்ததும் அவர் போய்ச் சேர்ந்தது தம் சொந்த ஆஸ்பத்திரிக்கே. மூளை, நரம்பு அறுவை சிகிச்சைக்கு இந்தியாவிலேயே முதல் பிரிவை டாக்டர் ஜேகப் சாண்டி 1949-இல் தொடங்கியிருந்தது அங்கேதான். உயிர் தங்கியது. முதுகில் அறுவை சிகிச்சைகள் செய்து, நிமிர்ந்து உட்காரும்படியாகவும் ஆயிற்று. நடக்க மட்டும் முடியாது. அது ஒருபோதும் முடியாது.

இப்படி ஒருவர் படுத்திருக்கும் கட்டிலைச் சுற்றி என்ன பேச்சு நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. நம்மவர்கள் "முற்பிறவியில் என்ன செய்தாளோ" என்பார்கள். கிறிஸ்தவர்களில் சிலர் "விசுவாசம் போதவில்லை" என்பார்கள். இரண்டும் ஒரே கல்லின் இரண்டு பக்கங்கள். எந்தப் பக்கத்தால் அடித்தாலும் காயம் ஒன்றுதான். பைபிளில் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, "யார் செய்த பாவம் இது?" என்ற தோரணையில் சீடர்கள் விசாரிக்கிற இடம் ஒன்று வருகிறது. இவன் பாவமும் இல்லை, பெற்றோர் பாவமும் இல்லை என்று இயேசு அந்த விசாரணையையே தள்ளுபடி செய்துவிடுகிறார். காரணம் தேடுவதை விட்டுவிட்டு, இனி என்ன ஆகப்போகிறது என்று பார்க்கச் சொல்கிறார். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். துன்பப்படுகிறவனைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவதுதான் முதல் சிகிச்சை.

இன்னொரு இடமும் உண்டு. இயேசுவின் அடியாரான பவுல் தம் உடம்பில் ஒரு முள் இருந்ததாக எழுதுகிறார். என்ன நோய் என்று சொல்லவில்லை. அதை எடுத்துவிடும்படி மூன்று முறை இறைவனிடம் மன்றாடினார். முள் எடுபடவில்லை. அதற்குப் பதிலாக, தாங்குவதற்கு வேண்டிய அருள் இருக்கிறது என்ற உறுதி மட்டும் கிடைத்தது. அற்புதங்களைச் செய்ததாகப் பேர்பெற்ற ஒருவர், தமக்கு நடக்காத அற்புதத்தையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். மேரி சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த வேதம் அது. ஆனால் கேட்பது வேறு, முள் தன் முதுகில் தைப்பது வேறு. இறந்தே போயிருக்கலாமே என்று நினைத்த நாட்கள் அவருக்கும் இருந்தன. பக்தி உள்ளவர்களுக்கு அழுகை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் திருநாவுக்கரசரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சூலை நோய் வயிற்றைக் குடைய, தமக்கையாரிடம் ஓடி, திருவதிகையில் விழுந்து அழுதார், நோய் தீர்ந்தது. நோய் தீர்ந்ததோடு கதை முடிந்திருந்தால் அவர் நமக்கு அப்பர் ஆகியிருக்க மாட்டார். பிறகு அவர் கையில் ஓர் உழவாரம் ஏறியது. ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். நோய், அருள், அதன் பிறகு கையில் ஒரு கருவி. வரிசை இதுதான். மேரியின் கதையிலும் அந்த வரிசை மாறவில்லை. நோய் மட்டும் தீரவில்லை.

கருவியைக் கையில் எடுத்துக் கொடுத்தவர் பால் பிராண்ட். படுக்கையில் கிடந்த மேரியிடம் வந்து, தொழிலைப் பற்றி யோசிக்க இது சமயம் என்று அவர் பேச்சைத் தொடங்கினார். கால் இல்லாதவளுக்கு என்ன டாக்டர் தொழில் என்று யாருக்கும் தோன்றும். பிராண்டுக்கு வேறுவிதமாகத் தோன்றியது. கை அறுவை சிகிச்சை என்பது உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலை. அதற்கு வேண்டியது நல்ல கண், நல்ல விரல்கள், அளவற்ற பொறுமை. இந்த மூன்றும் இந்தப் பெண்ணிடம் இருக்கின்றனவே! கொல்லிமலையில் மரம் ஏறி, இங்கிலாந்தில் மரம் இழைத்தவர் அல்லவா? ஒரு துண்டில் முடிச்சு விழுந்திருந்தால் அதை எறிந்துவிடாமல் எங்கே பொருத்தலாம் என்று பார்ப்பது தச்சன் புத்தி.

மேரி சக்கர நாற்காலியில் அறுவை சிகிச்சை அறைக்குள் வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையைக் கற்று, செய்யவும் தொடங்கினார். அந்தக் காட்சியைக் கொஞ்சம் மனத்தில் எழுதிப் பாருங்கள். மேஜையின் ஒரு பக்கம் ஊரார் ஒதுக்கிய மனிதன். அவன் கையில் உணர்ச்சியில்லை. மறுபக்கம் அவனுக்குச் சிகிச்சை செய்யும் டாக்டர். அவர் காலில் உணர்ச்சியில்லை. அவனுக்கு எந்த ஆபத்து உண்டோ, தெரியாமல் சுட்டுக்கொள்வது, புண் வைப்பது, அதே ஆபத்து அவருக்கும் உண்டு. "கவலைப்படாதே, உன்னாலும் வாழ முடியும்" என்று நடமாடும் டாக்டர் நூறு பேர் சொல்லியிருப்பார்கள். அந்த நாற்காலியைப் பார்த்த பிறகுதான் நோயாளிகள் பலருக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கை பிறந்தது. கால்களோடு அவர் வந்திருந்தால் கிடைத்திராத அதிகாரம் அது. அவர் இழந்தது எதுவோ, அதுவே அவருடைய சான்றிதழாகிவிட்டது.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. தம்மைப் போன்றவர்களின் நிலைமை அவருக்கு உறுத்தியது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குச் சென்று, தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான பிரிவில் தாமும் பயிற்சி பெற்றார். அங்கிருந்து திரும்பியபின் அமெரிக்காவுக்குப் பயணமாகி, நியூயார்க்கில் புனர்வாழ்வு மருத்துவத்தின் தந்தை என்று பெயர்பெற்ற டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் நிலையத்தில் முறைப்படி படித்துத் தேறினார். ஒரு பெண் தனியாகச் சக்கர நாற்காலியில் கண்டம் விட்டுக் கண்டம் போவதை, படிக்கட்டு இல்லாத கட்டடமே இல்லாத அந்தக் காலத்தில் வைத்துப் பாருங்கள்!

அங்கேயே இருந்திருக்கலாம். சாய்வான பாதைகள், லிப்டுகள், வசதிகள் எல்லாம் அங்கே இருந்தன. வேலூரில் வெயிலும் படிகளும்தான். அவர் வேலூருக்கே திரும்பி, 1963-இல் புனர்வாழ்வு மருத்துவப் பிரிவின் தலைவரானார். 1966-இல், நோயாளிகள் தங்கியிருந்து பயிற்சி பெறும் புனர்வாழ்வு நிலையம், பாகாயத்தில் திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. பனை மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், மூட்டை சரிந்து முதுகொடிந்தவர், லாரியில் அடிபட்டவர் என்று நம் நாட்டு உழைப்பாளிகளுக்கு நேரும் விபத்துகளுக்கு ஒரு முடிவா உண்டு? அவர்களுக்குப் படுக்கையில் புரளவும், புண் வராமல் காத்துக்கொள்ளவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், ஒரு தொழில் செய்யவும் கற்றுக்கொடுக்கும் இடம் அது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-இல் அவர் காலமானார். விபத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகள். 2000-ஆம் ஆண்டில் அந்த நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

மற்றவர்களின் கதையையும் முடித்துவிடுகிறேன். மேரிக்கு விபத்து நேர்ந்தபோது 83 வயதாயிருந்த ஐடா ஸ்கட்டர், 1960-இல் கோடைக்கானலில் மறைந்தார். பால் பிராண்ட் 1966-இல் அமெரிக்காவுக்குப் போய்ப் பணியைத் தொடர்ந்து, 2003-இல் மறைந்தார். அவருடைய தாயார் ஈவ்லின், ஓய்வு பெறும் வயது தாண்டிய பிறகும் மலை மலையாகக் குதிரையில் ஏறிப்போய்த் தொண்டு செய்து, 95-ஆவது வயதில் 1974-இல் காலமாகி, கொல்லிமலையில் கணவரின் பக்கத்திலேயே உறங்குகிறார்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தமிழில் 'குணம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நோய் தீர்ந்தாலும் குணம் என்கிறோம். மனிதனின் தன்மையையும் குணம் என்கிறோம். கிறிஸ்தவர்களின் தமிழில் 'சொஸ்தம்' என்று ஒரு சொல் வழங்குகிறது. அதன் மூலமான வடசொல்லுக்குத் தன்னில் நிலைத்திருத்தல் என்று பொருள். தண்டுவடம் கூடவில்லை, அந்த வகையில் மேரிக்குக் குணமாகவில்லை. ஆனால் உடைந்த உடம்புக்குள் தம் நிலை தவறாமல் நிலைத்திருந்தார் என்ற வகையில், சொஸ்தமானவர் அவரைப் போல் யார்? ஓடியாடித் திரியும் நம்மில் எத்தனை பேர் சொஸ்தமாயிருக்கிறோம்?

'இதில் அருள் எங்கே வந்தது? மன உறுதிதானே?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். மன உறுதி என்பது நம் கையிருப்பு. அது தீர்ந்துபோகிற நாள் ஒன்று உண்டு, மேரிக்கும் தீர்ந்தது. கையிருப்பு தீர்ந்த பிறகு ஒருவர் 32 ஆண்டுகள் செலவு செய்திருக்கிறார் என்றால், வரவு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டுமல்லவா? அது வந்த இடத்தை அவர் கடவுளின் கிருபை என்றார். கூலி என்று அதைச் சொல்ல முடியாது, அவர் அதற்காக எதுவும் செய்யவில்லை. ஈடு என்றும் சொல்ல முடியாது, கால்களுக்கு ஈடு ஏது? கேளாமலே வந்தது, தேவைக்குத் தக்கபடி அன்றாடம் வந்தது. வேறு கோயிலில் கும்பிடுகிறவர்களும் திருவருள் என்று சொல்லும்போது இதைத்தான் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "என் துன்பம் அருளாயிற்று" என்று சொல்லும் உரிமை துன்பப்பட்டவருக்கு மட்டுமே உண்டு. பக்கத்தில் நிற்பவன் அதைச் சொன்னால் அது அருளுபதேசம் ஆகாது, அக்கிரமம். பால் பிராண்ட் கட்டிலருகே நின்று, "இதெல்லாம் தெய்வசித்தம், பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் மேரி வர்கீஸ் என்ற பெயர் நமக்குத் தெரிந்திராது. அவர் வேலை கொடுத்தார். கற்றுக்கொடுத்தார். அறுவை சிகிச்சை மேஜையருகே ஒரு நாற்காலிக்கு இடம் விட்டார். அருளுக்கு வேண்டிய ஏற்பாடு அது.

உடல் ஊனமுற்றோருக்குச் சம வாய்ப்பு தரும் சட்டம் நம் நாட்டில் 1995-இல் வந்தது. அதைவிட விரிவான சட்டம் 2016-இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி ஏற வழி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் பள்ளிக்கூடங்களையும் கச்சேரிகளையும் கல்யாண மண்டபங்களையும் கோயில்களையும் சர்ச்சுகளையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். வாசலில் எத்தனை படிகள் என்று எண்ணுங்கள். உள்ளே அருளைப் பற்றி அழகான பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும். கேட்க வேண்டியவர் ஒருவர், முதல் படிக்குக் கீழே நாற்காலியில் காத்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு அற்புதம் செய்யும் சக்தி நமக்கு இல்லை. ஒரு சாய்வுப் பாதை போடுவதற்கு ஒரு கொத்தனாரும் நாலு மூட்டை சிமெண்டும் போதும்.